கம்பனி எத்தனை

யுத்தம் முடிந்த வருஷம் கொழும்பிலிருந்து கல்முனைக்கு வந்த வான்களுக்குக் கணக்கில்லை. பெயின்ட் கம்பனி வந்தது, டயர்க் கம்பனி வந்தது, காப்புறுதிக்காரர் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் பிரதான வீதியில் இருந்த முகைதீன்பாவா அன் சன்ஸ் கடையின் மாடிப்படியிலும் ஒரு தடவை ஏறினார்கள். ஏறியவர்களுக்குத் தேத்தண்ணி சொல்லி, விலை கேட்டு, "வாப்பாக்கிட்டச் சொல்றன்" என்று அனுப்பிவைத்தது முனவ்வறாதான்.

முனவ்வறா அந்தக் கடை முதலாளி முகைதீன்பாவா ஹாஜியாரின் மூத்த மகள். முப்பத்தாறு வயது. மாடியில் கணக்கு மேசை அவளுடையது. பெயர்ப்பலகையில் 'சன்ஸ்' என்று இருந்தாலும் ஹாஜியாருக்கு ஆண்பிள்ளை இல்லை, மூன்றும் பெண்கள். ஊரில் அதை வைத்துப் பகிடி பண்ணுவார்கள். "மருமகன்மார் ஆரு, மகன்மார்தானே" என்று சொல்லிவிட்டு ஹாஜியார் தன் வேலையைப் பார்ப்பார்.

மூத்தவளுக்குக் கல்யாணம் பேசி முடிந்தபோது ஹாஜியார் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டை உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். கடற்கரை வீதியில் இருந்த வலைக்கடையை வாயால் கொடுத்தார். வீட்டுக்கு உறுதி, கடைக்கு வார்த்தை. தாய்வழிக் குடிப் பெரியவர்கள் கூடியிருந்த சபையில் "வலைக்கடை முனவ்வறாவுக்கு" என்று சொன்னால் அது முடிந்த காரியம். அதே மாதிரி இரண்டாவது மகள் முஸ்பிறாவுக்குச் சவளக்கடையில் இருந்த அரிசி மில். கடைசி மகள் ஸுல்பிகாவுக்கு நற்பிட்டிமுனை உரக்கடை. சீமெந்தும் கம்பியும் பெயின்டும் விற்கிற பிரதான வீதிப் பெரிய கடை மட்டும் ஹாஜியார் கையில் நின்றது.

கொடுத்தார் என்றால் எப்படிக் கொடுத்தார்? சாமான் எடுப்பது பெரிய கடையின் பெயரில். வங்கிக் கணக்கு ஒன்றுதான். மில்லில் காசு முடைப்பட்டால் உரக்கடையில் இருந்து போகும். உரக்கடைக்கு லொறி வந்து நின்றால் பெரிய கடை கட்டும். மருமகன்மார் வேண்டியதை எடுத்துக்கொண்டு, எடுத்ததைச் சொல்லிவிடுவார்கள். கொடுத்த மாதிரியும் இருந்தது, கொடுக்காத மாதிரியும் இருந்தது. யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. பதினைந்து வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

இதற்கு நடுவில் சுனாமியில் வலைக்கடையைக் கடல் கொண்டுபோனது. உறுதி எழுதிய வீட்டையும் கொண்டுபோனது. முனவ்வறாவின் புருஷன் ஜௌபர் அன்று ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் காலையிலேயே கடை திறக்கப் போயிருந்தார். முனவ்வறாவும் மகள் நுஸ்லாவும் உம்மா வீட்டில் நின்றதால் தப்பினார்கள். கடை நின்ற இடத்தில் பிறகு மணல்தான் இருந்தது. அந்த மணலில் ஒன்றும் கட்டக்கூடாது என்று அரசாங்கம் ஒரு எல்லைக்கல்லும் போட்டது.

புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா முடிந்து கொஞ்ச நாளில் அவள் பெரிய கடை மாடிக்கு வந்துவிட்டாள். உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவள். வாப்பாவுக்குச் சீனி வருத்தத்தில் கண் மங்கிக்கொண்டு வந்தது. மூன்று இடத்துக் கணக்கும் மெல்ல மெல்ல அவள் மேசைக்கு வந்து சேர்ந்தன. யாரும் அவளை வேலைக்கு எடுக்கவில்லை, அதனால் சம்பளம் என்று ஒன்றும் இல்லை. வேண்டியதைக் கேட்டால் வாப்பா தருவார். அவள் அதிகம் கேட்கவில்லை.

மகளோடு அவள் இருந்தது உம்மா வாப்பாவின் வீட்டில். அந்த வீடும் கடைக்குட்டி ஸுல்பிகாவின் பெயரில் எழுதியாகிவிட்டது. ஸுல்பிகா நல்லவள். "ராத்தா, இந்த அறை ஒங்களுக்குத்தான்" என்று அடிக்கடி சொல்வாள். அவள் சொல்கிற ஒவ்வொரு தடவையும் முனவ்வறாவுக்கு அது தன் அறை இல்லை என்பது ஞாபகம் வரும்.

நுஸ்லாவுக்குப் பதின்மூன்று நடந்தது. இன்னும் சில வருஷத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து, "புள்ளைக்கு என்ன வெச்சிரிக்கிய?" என்று கேட்பார்கள். அப்போது என்ன சொல்வது? இந்தக் கடைகளில் தனக்கென்று ஏதாவது இருக்கிறதா, இல்லையா? அந்த ஒரு கேள்வியை முனவ்வறா இத்தனை காலமும் வாப்பாவிடம் கேட்கவில்லை. பயத்தில் அல்ல. கேட்டால் பதில் வரும். பதில் எதுவானாலும் அதைச் சுமந்துகொண்டு அடுத்த நாளும் வந்து அதே கதிரையில் இருக்க வேண்டும். அதற்குத் தெம்பு இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் கணினி வந்தது. ஹாஜியாருக்கு மில்லில் நெல் காயவைக்கிற மெஷின் ஒன்று போட ஆசை. கடன் கேட்டுப் போன வட்டியில்லா வங்கியில், கணக்குகளைக் கணினியில் வைத்திருந்தால்தான் பேசலாம் என்றார்கள். ஹாஜியார் வந்து படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"கணக்குச் செய்யிற சொப்ட்வெயார் ஒண்டு வேணுமாம் புள்ள. நல்லதொண்டாப் பாத்து நீயே தெரிஞ்செடு. நீதானே வேலை செய்யிற."

"பிழைச்சா?"

"பிழைச்சா நீதான் தெரிஞ்செடுத்த எண்டு சொல்லுவன்" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அது அப்படித்தான் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் கொழும்புக் கம்பனிக்காரர் ஒருவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். மடிக்கணினியைத் திறந்து படம் படமாகக் காட்டினார். நல்ல மென்பொருள்தான். ஆளும் மரியாதையானவர். மில்லில் கடன் வைத்திருக்கிற, நெல் விதைக்கிற கமக்காரரில் சிலரின் பெயரை முனவ்வறா சொல்லச் சொல்ல அவர் பதிந்தார். பதிந்த கையோடு திரை முழுக்கச் சிவப்பாகிப்போனது.

"இதென்ன தம்பி செவப்பு?" என்றார் ஹாஜியார்.

"பாக்கி, சேர். முப்பது நாள் தாண்டினா சிவப்பு வரும். அதுக்குப் பிறகு சிஸ்டம் தானாவே போட்டுக்கிடும்."

"என்னத்தப் போடும்?"

"வட்டி, சேர்."

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். "வெள்ளாமை வெட்டினாத்தான் எங்கட ஆக்கள்ர கையில காசு. முப்பது நாள்ல நெல்லு விளையிமா தம்பி?"

"அத நிப்பாட்டியும் வைக்கலாம் சேர்."

"நிப்பாட்டினது நாளைக்குத் தானாத் தொடங்கினா? நீங்க கொழும்பில இரிப்பிய. நான் கபுறுக் குழியில இரிப்பன். வட்டி எடுத்தியா எண்டு கேள்வி எனக்குத்தான் வரும்." மகள் பக்கம் திரும்பி, "தம்பிக்கு இன்னொரு தேத்தண்ணி குடு" என்றார். அதோடு கொழும்பு முடிந்தது.

அடுத்தது மட்டக்களப்பில் இருந்து ஒருவர், இந்தியாவில் செய்த மென்பொருள் ஒன்றைப் பிரதி எடுத்த சீடியோடு வந்தார். விலை மலிவு. ஆனால் மில்லுக்குள் நெல் போனால் அரிசியாக வரும், தவிடாக வரும், உமியாகவும் வரும் என்பதை அதற்குப் புரியவைக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. கடைசியில் அது உமியைக் களவு போன சாமான் என்று காட்டியது. "இது உண்மையத்தான் சொல்லுது" என்று அந்த மனிதர் பகிடி விட்டார். றஸ்மி, அதாவது மில்லை நடத்துகிற முஸ்பிறாவின் புருஷன், அன்று பக்கத்தில் நின்றான். அவனுக்கு அந்தப் பகிடி பிடிக்கவில்லை.

மூன்றாவது சதீஸ். கல்முனைத் தமிழ்ப் பகுதிப் பொடியன், முப்பது வயது இருக்கும். பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை எடுத்து, தானே எழுதிய மென்பொருளைக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய தகப்பன் கடற்றொழில்காரர். ஜௌபரிடம்தான் வலை வாங்குவாராம். அதைச் சதீஸ் ஒரு தடவை சொன்னான், பிறகு சொல்லவில்லை. அவனுடைய மென்பொருளில் எழுத்துச் சின்னது, நிறமும் இல்லை. ஆனால் கடன் எப்போது தீரும் என்று கேட்கிற இடத்தில் பெரும்போகம், சிறுபோகம் என்று போட முடிந்தது. மூடையிலும் போடலாம், கிலோவிலும் போடலாம். பழுதானால் நடந்து வந்துவிடுவான். முனவ்வறாவுக்கு மனம் அங்கே சாய்ந்துவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்தாள்.

அப்போதுதான் சதீஸ் கேட்டான்: "ராத்தா, கம்பனி எத்தனை?"

"விளங்கல்ல."

"பெரிய கடை, மில், உரக்கடை. இதெல்லாம் ஒரு கம்பனிட கிளையா, இல்லாட்டி தனித்தனிக் கம்பனியா? ஒண்டெண்டா ஹாஜியார் இஞ்ச இருந்து எல்லாத்தையும் பாப்பார். தனியெண்டா அவங்கவங்கட கணக்கு அவங்களுக்கு. ஆளாளுக்குக் கடவுச்சொல்லும் வேற."

"இப்போதைக்கு ஒண்டப் போட்டுட்டுப் பிறகு மாத்தேலாதா?"

"ஏலா ராத்தா. முதல் நாளே சொல்லோணும். பிறகு ஒட்டவும் ஏலா, வெட்டவும் ஏலா."

எவ்வளவு சாதாரணமான கேள்வி. பிள்ளையின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் பதிகிறபோது வயது கேட்கிற மாதிரி. முனவ்வறாவுக்கு அதற்குக் கூட வாப்பாவைக் கேட்க வேண்டியிருந்தது. "கேட்டுச் சொல்றன் தம்பி" என்றாள்.

லுஹர் தொழுதுவிட்டு வந்த வாப்பாவிடம் கேட்டாள்.

"ஒண்டுதான். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

மில்லுக்குப் போன் எடுத்தாள். றஸ்மி ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "மூண்டு மதினி. மில் வேற, பெரிய கடை வேற. முஸ்பிறாக்குத் தந்தது ஊரறிஞ்ச விசயம். அந்தப் பொடியனுக்கு அத வடிவா வெளங்கப்படுத்துங்க."

உரக்கடைக்கு எடுத்தாள். ஸுல்பிகாவின் புருஷன் றஊப் பகிடிக்காரன், ஆனால் கெட்டிக்காரன். "மாமா என்ன சொன்னார்?" என்றான்.

"ஒண்டாம்."

"அப்ப ஒண்டு."

"றஸ்மி மச்சான் மூண்டெண்டார்."

"அப்ப மூண்டு. மதினி, என்ன இதுக்குள்ள மாட்டிப் போடாதீங்க." கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "ஒண்டு மட்டும் கேக்கன். ஒண்டாப் போட்டா நான் மருமகனா, மனேஜரா?" என்றான்.

ஒன்றா மூன்றா என்று வாப்பாவும் றஸ்மியும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நாலு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, நாலாவது மணலாகிவிட்டதே. முனவ்வறா போனை வைத்தாள். பிறகு சதீசைக் கூப்பிட்டு, "எண்ணிக்கைய விடுங்க தம்பி. நீங்க கடை கடையாப் போய்ச் சாமான், ஆக்கள் எல்லாத்தையும் பாத்துப் பதிஞ்சிட்டு வாங்க. மத்தத அவங்களுக்கு முன்னால வெச்சே கேப்பம்" என்றாள்.

சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லாரும் மாடிக்கு வந்தார்கள். ஹாஜியார் பெரிய கதிரையில், மருமகன்மார் இரண்டு பேரும் வாங்குப் பலகையில். முனவ்வறா மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். சதீஸ் கணினியைத் திறந்தான். நான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

திரையில் மூன்று வரிகள் இருந்தன. முஸ்பிறா அரிசி மில். ஸுல்பிகா உரக்கடை. முனவ்வறா ஹார்ட்வெயார்.

ஹாஜியாருக்கு அந்தச் சின்ன எழுத்துத் தெரியவில்லை. "என்ன எழுதிக் கிடக்கு?" என்றார். சதீஸ்தான் வாசித்துக் காட்டினான்.

றஸ்மி முன்னால் சரிந்து திரையைத் திரும்பவும் பார்த்தான்.

"பெரிய கடை ஆர்ரயாம்?" என்றான் றஸ்மி.

சதீசுக்கு எங்கேயோ பிழைத்துவிட்டது என்று விளங்கியது, என்னவென்றுதான் விளங்கவில்லை. "சொப்ட்வெயார் உரிமையாளர் பேர் கேக்கும். அதுக்கு ஒவ்வொரு கடையிலயும் கேட்டுப் பதிஞ்சன். மில்லில நிண்ட ஆக்கள் முஸ்பிறா ராத்தாட மில் எண்டாங்க. உரக்கடையில ஸுல்பிகா ராத்தாட எண்டாங்க. இஞ்ச கீழ பூபாலசிங்கம் அண்ணன்கிட்டக் கேட்டன். பெரிய கடை மூத்தவட எண்டார்."

பூபாலசிங்கம் கடையில் சீமெந்து இறக்குகிறவர். கொழும்புக்காரர் என்றால் இந்தப் பிழை வந்திராது. அவர் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதியிருப்பார். சதீஸ் இந்தக் கரையில் பிறந்தவன். அவன் வீட்டிலும் வளவுக் காணி அக்காவுக்கும் தங்கச்சிக்கும் போனதுதான். கடை யாருடையது என்றால், எந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது என்றுதான் அவனும் கேட்பான், கேட்கப்பட்டவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். மாடியில் தினமும் இருக்கிறவளைப் பார்த்துப் பூபாலசிங்கம் தன் மனதுக்குப் பட்டதைச் சொல்லியிருந்தார்.

"அப்ப சரி" என்று றஸ்மி எழுந்தான். "சீமெந்து தூக்கிறவருக்கும் தெரிஞ்சிரிக்கி. எங்களுக்குத்தான் தெரியாமப் போச்சு."

"இரிங்க மருமகன்" என்றார் ஹாஜியார். பிறகு மகளின் முகத்தைப் பாராமல், "அத அழி" என்றார்.

சதீஸ் கையை எடுத்துக்கொண்டான். முனவ்வறாதான் குனிந்து, மூன்றாவது வரியில் வைத்து விசையை அழுத்தினாள். நிச்சயமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. ஓம் என்பதில் அழுத்தினாள்.

"அந்த எடத்துக்கு என்ன பேர் போட?" என்றான் சதீஸ். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். அவன் கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். றஊப் மட்டும் படி வரைக்கும் போய், "ஒங்களில பிழையில்ல தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு மில்லில் இருந்து பில் வருவது நின்றது. கேட்டால், "மூண்டா ஒண்டா எண்டு தெரியட்டும், அனுப்புறன்" என்று பதில் வந்தது. வங்கியில் இருந்து இரண்டு தடவை போன் எடுத்தார்கள். "தெரிஞ்செடுத்தியா இல்லையா?" என்று வாப்பா காலையிலும் கேட்டார், பின்னேரமும் கேட்டார். கொழும்புக் கம்பனிக்காரரும் வட்டி போடுகிற பகுதியை முழுசாக நீக்கிவிட்டோம் என்று அறிவித்திருந்தார். முனவ்வறாவுக்கு எந்தத் திரையைப் பார்த்தாலும் கொட்டாவிதான் வந்தது.

இரவில் படுத்தால் நித்திரை வரும், அதில் குறையில்லை. விடிந்தால்தான் எழும்ப மனம் வராது. கம்பனி ஒன்று என்று தான் தெரிந்தெடுத்தால், எல்லாவற்றுக்குள்ளும் தான் இருக்க வேண்டும் என்று தெரிந்தெடுத்ததாகச் சொல்வார்கள். அதில் பொய்யும் இல்லை. மூன்று என்று தெரிந்தெடுத்தால் அந்த மூன்றில் அவள் இல்லை. எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்வி எப்போதோ முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது அவளைப் பற்றிய கேள்வி. அதையும் அவளையே தெரிந்தெடுக்கச் சொன்னார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வீட்டில் எல்லாரையும் இருக்கச் சொன்னாள். தங்கச்சிமாரையும் இருக்கச் சொன்னாள். கடைக் கதை பேசுகிற இடத்துக்கு அவர்களை யாரும் கூப்பிட்டதில்லை. முஸ்பிறா, "எங்களுக்கு என்ன கா தெரியும்?" என்று கேட்டுக்கொண்டேதான் வந்தாள்.

சாப்பாட்டுச் சகன் தட்டுகள் எடுத்த பிறகு முனவ்வறா சொன்னாள்: "சொப்ட்வெயார் நான் தெரிஞ்செடுக்கல்ல வாப்பா."

"ஏன்?"

"எனக்கு அதுல பங்கிரிக்கி. ஒண்டெண்டு தெரிஞ்சா எனக்காகத் தெரிஞ்சன் எண்டு மச்சான் சொல்லுவார். மூண்டெண்டு தெரிஞ்சா என்ன நானே அழிச்ச மாதிரி. ஒருக்கா அழிச்சிட்டன். மறுகா ஏலா."

றஸ்மி தொண்டையைச் செருமினான். அவன் குரலில் அன்று சூடு இல்லை. "மதினி, ஒங்களுக்கும் மாமா தந்தவர்தானே. வலைக்கடைய. அது கடலுக்குப் போனதுக்கு நாங்க ஆரும் பொறுப்பில்ல."

"ஓம். தந்தவர். நான் இல்லையெண்டு சொல்லல்ல." முனவ்வறா வாப்பாவைப் பார்த்தாள். "அப்ப ஒண்டு மட்டும் சொல்லுங்க. அண்டைக்குக் கடல் கொண்டுபோனது ஆர்ர கடை? என்டயா, கம்பனிடயா?"

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நீங்க ஒண்டு எண்டு சொன்னீங்க. ஒண்டெண்டா போனதும் எல்லாருட, மிஞ்சினதும் எல்லாருட. மச்சான் மூண்டெண்டார். அப்பிடியெண்டா அண்டைக்கு அது நாலு. போனது என்ட மட்டும். எதச் சொன்னாலும் நான் ஏத்துக்குவன் வாப்பா. ஒண்டும் சொல்லாம என்னத் தெரிஞ்செடுக்கச் சொல்லாதீங்க. எனக்கு ஏலா. களைச்சுப் போனன்."

முஸ்பிறா புருஷன் பக்கம் திரும்பினாள். "கடல் மில்ல எடுத்திருந்தா ராத்தா மூண்டெண்டு சொல்லுவாவா?"

"நீ சும்மா இரி."

"நான் ஏன் சும்மா இரிக்க? மில் எனக்குத் தந்ததெண்டு நீங்கதானே ஊரெல்லாம் சொல்றிய."

றஊப் சிரிப்பை அடக்கத் தண்ணி எடுத்துக் குடித்தான். றஸ்மி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது போய்விட்டது என்பது அன்றுதான் முனவ்வறாவுக்கு முழுசாகத் தெரிந்தது.

"அண்டைக்கு நான் ஜௌபரத் தேடித்தான் ஓடின" என்றார். "அவர்ர மையத்த எடுத்து அடக்கினதுக்குப் பிறகு கடை ஞாபகமே வரல்ல. ஆர்ர கடை போச்செண்டு ஆரு பாத்த? எங்கட கடை போச்செண்டுதான் சொன்னன். எல்லார்கிட்டயும் அப்பிடித்தான் சொன்னன்." மறுபடியும் தாடியைத் தடவினார். "ஒண்டாப் போடு புள்ள."

"பெரிய கடையும் அதுக்குள்ளதானே மாமா?" என்றான் றஊப்.

"எல்லாம்தான்."

"வாயால வேணாம் வாப்பா" என்றாள் முனவ்வறா. "எழுதுங்க. மூண்டு பேருட பேரிலயும். கடைக்கு வார்த்தை எண்டு விட்டுத்தான் இவ்வளவும் வந்த."

ஹாஜியாருக்குக் கோபம் வந்தது, முகத்தில் தெரிந்தது. தன்னுடைய வார்த்தையை இந்த வீட்டில் யாரும் எழுதிக் கேட்டதில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார். றஸ்மி ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து போனான். முஸ்பிறா உடனே பின்னால் போகவில்லை. தங்கச்சியோடு குசினிக்குள் போனாள்.

மற்றவர்கள் போன பிறகு ஹாஜியார் கேட்டார்: "இத்தின காலமா மனசுக்குள்ள வெச்சிக்கிட்டு இருந்திரிக்காய். ஒரு வார்த்தை கேட்டிரிக்கலாமே."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிரிக்கலாமே வாப்பா."

"நீ என்னோடதானே இரிக்காய் எண்டு நினைச்சன். ஒனக்கெண்டு தனியா என்னத்துக்கு எண்டு." அவர் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அவருடைய சீனி வருத்தக் குளிசையை எடுத்துக் கொடுத்தாள்.

உறுதி எழுதச் சில கிழமை பிடித்தது. நொத்தாரிசு வீட்டில் மூன்று சகோதரிகளும் ஒப்பம் வைத்தார்கள். அன்று பின்னேரமே முனவ்வறா சதீசுக்குப் போன் எடுத்து, "கம்பனி ஒண்டு. உரிமையாளர் மூண்டு பேர். உங்கட சொப்ட்வெயார்தான்" என்றாள். பெரிய சந்தோஷம் வருமென்று நினைத்திருந்தாள். வரவில்லை. நீண்ட தூரம் சுமந்ததை இறக்கி வைத்தால் கொஞ்ச நேரம் கை அப்படியே மடங்கிக் கிடக்குமே, அப்படி இருந்தது. நுஸ்லாவிடம் சொன்னாள். அவள் பாடப் புத்தகத்தில் இருந்து தலையை எடுத்து, "அப்ப ஒங்களுக்கு வேலை கூடுமா உம்மா?" என்று கேட்டாள்.

கூடத்தான் செய்தது. ஒரு கம்பனி என்றால் மூன்று இடத்துக் கணக்கும் ஒரே மேசையில்தான் முடிய வேண்டும். முதலில் எல்லா இடத்து இருப்பையும் எண்ணிப் பதிய வேண்டும். உரக்கடையை றஊப் எண்ணித் தந்தான். மில்லில் றஸ்மி வானும் அனுப்பவில்லை, போனும் எடுக்கவில்லை. முனவ்வறா அபாயாவைப் போட்டுக்கொண்டு, கொப்பியும் பேனையுமாக பஸ்ஸில் சவளக்கடைக்குப் போனாள். பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் அறுத்த வயல். தூசி வந்து முகத்தில் அப்பியது.

மில் பூட்டிக் கிடந்தது. வாசலில் நின்ற ஆள், முதலாளி அம்பாறைக்குப் போய்விட்டார், திறப்பு தன்னிடம் இல்லை என்றான். திரும்பிப் போக பஸ் எப்போது என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு ஓட்டோ வந்து நின்றது. முஸ்பிறா இறங்கினாள். கையில் திறப்புக் கோர்வை.

"நீங்க இஞ்ச வாற எண்டு ஸுல்பிகா சொன்ன. அவர் திறப்ப ஒளிச்சி வெச்சிட்டுப் போனார். அரிசிப் பானைக்குள்ள இருந்த" என்றாள். "உள்ளுக்கு நான் இதுவரைக்கும் வந்ததில்ல ராத்தா. எங்கால போற?"

கதவைத் திறந்தார்கள். உள்ளே கூரை வரைக்கும் மூடைகள். சூடு, நெல் வாசம். முனவ்வறா ஒரு பக்கத்தில் இருந்து எண்ணத் தொடங்கினாள். முஸ்பிறா விரலை நீட்டி நீட்டிக் கூடவே எண்ணினாள். இரண்டாவது அடுக்கில் இருவருக்கும் கணக்குப் பிழைத்தது. திரும்ப முதலில் இருந்து எண்ணினார்கள். அதற்குப் பிறகு முனவ்வறா கீழே கிடந்த ஒரு மூடையில் இருந்துவிட்டாள்.

"ஒழும்புங்க ராத்தா, அங்கால நிறைய இரிக்கி."

"இரி கா. கொஞ்சம் இரி."

முஸ்பிறா அவளைப் பார்த்தாள். அவளுடைய மடியில் இருந்த கொப்பியை எடுத்தாள். பேனையையும் வாங்கிக்கொண்டு அடுத்த அடுக்கின் பக்கம் போனாள்.